முன்கை வரைய எனக்கு வழிகாட்டிய எலும்பு

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களை வரைய எனக்கு அவ்வளவு ஆசை. விடியும் முன்பே தலையில் லைட் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த வெளிச்சத்தில் கையின் மேடு பள்ளமெல்லாம் துல்லியமாகத் தெரியும். ஆனால் தாளில் முன்கை மட்டும் குழாய் மாதிரியே வந்தது. தசைப் பெயர்களை மனப்பாடம் செய்தும் பலனில்லை.

சரி, எலும்பிலிருந்து தொடங்குவோம் என்று பார்த்தேன். முன்கையில் இரண்டு எலும்புகள்: சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். உள்ளங்கை மேலே பார்த்திருந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கையைக் கவிழ்த்தால் ரேடியஸ் புரண்டு அல்னாவுக்குக் குறுக்கே வரும். அல்னா பெரிதாக அசையாது. முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு வரை விரலால் தடவிப் பாருங்கள், அல்னாவின் விளிம்பு தோலுக்கு அடியிலேயே தட்டுப்படும்.

இப்போது அந்தக் கோட்டைத்தான் முதலில் போடுகிறேன். அப்புறம் மணிக்கட்டு. அது உருண்டை இல்லை. அகலம் அதிகம், கனம் குறைவு. அந்த அகலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று குறித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. கடைசியில்தான் பிராக்கியோரேடியாலிஸ் தசை. அது மேற்கை எலும்பின் வெளிப்பக்கம், முழங்கைக்குச் சற்று மேலே தொடங்கி, கட்டைவிரல் பக்க மணிக்கட்டுக்கு அருகே முடிகிறது. முழங்கையை மடக்கி பலம் கொடுக்கும்போது புடைத்துக்கொண்டு நிற்பது இதுதான்.

தேங்காய் உரிக்கும் கைக்கும் இதே வரிசை சரியாக வருகிறது. அடுத்து விரல் மூட்டுகளை எடுத்திருக்கிறேன்.