வெள்ளியா, வெள்ளி முலாமா? வீட்டுச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் பல வீடுகளில், பழைய எஸ்டேட் பங்களாக்களிலிருந்து கைமாறி வந்த டீபாட்டும் கரண்டிகளும் பீரோவில் பத்திரமாக இருக்கும். 'வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி' என்பார்கள். அதில் அசல் ஸ்டெர்லிங்கும் உண்டு, முலாமும் உண்டு. ஸ்டெர்லிங்கில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. முலாம் சாமானிலோ வெள்ளி மேலே மட்டும்தான், ஆனால் அதுவும் அசல் வெள்ளி. மேல்பரப்போடு நின்றுவிடும் சோதனைகள் ஏமாற்றுவது இதனால்தான்.

கறுத்துவிட்டதால் போலி என்றோ, கறுப்பதால் அசல் என்றோ முடிவு கட்டாதீர்கள். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுப்பாகிறது. ஊட்டி மழைக்கால ஈரத்தில் இன்னும் சீக்கிரம். முலாமும் அப்படியே கறுக்கும்.

காந்தம் ஒட்டாதது வெள்ளிக்குச் சாட்சி இல்லை. செம்பு, பித்தளை, ஜெர்மன் சில்வர் எதிலும் அது ஒட்டாது. ஜெர்மன் சில்வரில் பெயரைத் தவிர வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவைதான். ஐஸ்கட்டி சோதனையும் அரைகுறை. செம்பின் மேல் முலாம் பூசியிருந்தால் அதிலும் ஐஸ் வேகமாக உருகும்.

முத்திரையை லென்ஸ் வைத்துப் படியுங்கள். 'ஈபிஎன்எஸ்' (EPNS, அதாவது ஜெர்மன் சில்வர் மேல் மின்சார முறையில் போட்ட வெள்ளி முலாம்) என்ற எழுத்துகள் இருந்தால் முலாம், சந்தேகமே வேண்டாம். இங்கிலாந்து ஸ்டெர்லிங்கின் அடையாளம் நடக்கும் சிங்கம். முலாம் போட்ட கம்பெனிகளும் குட்டிக் கட்டங்களுக்குள் எழுத்துகளை வரிசையாக அடித்தன. அந்த வரிசையைப் பார்த்து மயங்கியவர்கள் நிறைய. வெறும் '925' எண்ணையும் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

பெரிய தவறு, உரசிப் பார்ப்பதும் ஆசிட் விடுவதும். நைட்ரிக் ஆசிட் கையையும் பொருளையும் சேர்த்துக் கெடுக்கும். விபூதி போட்டு அழுத்தித் தேய்த்தால் மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும். தேய்க்காமலே பார்க்க இடம் இருக்கிறது: கரண்டியின் அடிப்புறம், முள்கரண்டியின் நுனி, டீபாட்டின் அடி விளிம்பு. அங்கே மஞ்சளோ செம்போ எட்டிப் பார்த்தால் முலாம்தான்.

உள்ளே இருப்பதைச் சொல்லும் சோதனை எடைதான். 0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசில் கரண்டியை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து அளவை பூஜ்யமாக்கி, கரண்டியை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். கரண்டி 62 கிராம், தண்ணீரில் காட்டுவது 6 கிராம் என்றால், 62ஐ 6ஆல் வகுக்க 10.3, அதுதான் அடர்த்தி. ஸ்டெர்லிங் 10.3, 10.4 அளவில் நிற்கும். ஜெர்மன் சில்வர் 8.7 அருகில்தான் வரும். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழியைத் தட்டிவிடுங்கள், அதுவே கணக்கைக் கெடுக்கும். கைப்பிடிக்குள் அரக்கு நிரப்பிய கத்திக்கும், அடியில் பாரம் ஏற்றிய மெழுகுவர்த்தித் தாங்கிக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

அப்படிப்பட்டதை நகைக்கடை எக்ஸ்ரே மெஷினில் காட்டினாலும், முலாமாக இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த மெஷினும் மேல்பரப்பைத்தான் படிக்கும். முலாம் தடிமனாக இருந்தால் அதையே வெள்ளி என்று காட்டிவிடும். தேய்ந்த விளிம்பில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.