ஸ்லைடில் வீடியோ சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு லேப்டாப்பில் நன்றாக ஓடிய வீடியோ, கருத்தரங்கு அரங்கின் கணினியில் கறுப்புக் கட்டமாக நிற்கும். பேசுபவர் இரண்டு முறை கிளிக் செய்து பார்ப்பார், "ஒரு நிமிஷம்" என்பார். அதற்குள் பாதிப் பேர் போனை எடுத்திருப்பார்கள். இந்தக் கோளாறு பெரும்பாலும் முந்தின நாள் ஃபைலைத் தயாரிக்கும்போதே நுழைந்திருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, வீடியோ ஸ்லைடுக்குள் இருக்கிறதா என்பதை. பவர்பாயிண்டில் 'இன்சர்ட்', 'வீடியோ' என்று போய் ஃபைலைத் தேர்ந்து 'இன்சர்ட்' கொடுத்தால் வீடியோ முழுவதும் பிரசன்டேஷனுக்குள் சேர்ந்துவிடும். அந்தப் பொத்தானின் அம்புக்குறியைத் தட்டி 'லிங்க் டு ஃபைல்' கொடுத்தால், வீடியோ இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே பதியும். பிரசன்டேஷனை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போனால் முகவரி இருக்கும், வீடு இருக்காது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஃபைலின் அளவு. 40 எம்பி வீடியோவைச் சேர்த்த பிறகும் பிரசன்டேஷன் 2 எம்பி என்றே காட்டினால் அது லிங்க்தான்.

அடுத்தது, "எம்பி4 தானே, எங்கேயும் ஓடும்" என்ற நம்பிக்கை. எம்பி4 என்பது வெறும் டப்பா. உள்ளே படம் எந்த கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்கும் முறையில், சுருக்கப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். பவர்பாயிண்டுக்கு ஒத்துப்போவது எச்.264 படமும் ஏஏசி ஒலியும். ஐபோன் 'ஹை எஃபிஷியன்சி' அமைப்பில் எடுக்கும் வீடியோ ஹெச்இவிசி என்ற வேறு கோடெக்கில் இருக்கும். அதற்கான கோடெக் இல்லாத விண்டோஸ் கணினியில் குரல் மட்டும் கேட்கும், படம் வராது. படமெடுப்பதற்கு முன் 'செட்டிங்ஸ்', 'கேமரா', 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'ஃபாஸ்ட் 1080பி30' தேர்ந்து மாற்றினால் போதும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை அப்படியே எடுத்துப் போடுவதும் பலர் செய்வது. அது வழியிலேயே சுருங்கி வந்தது. போனில் தெளிவாகத் தெரிந்தாலும் பத்தடித் திரையில் கட்டம் கட்டமாக உடையும். அனுப்புகிறவரிடம் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

மேடையில் அதிகம் தடுமாற வைப்பது, ஸ்லைடை நகர்த்தக் கையில் வைத்திருக்கும் கிளிக்கர். வீடியோவைச் சொடுக்கி 'பிளேபேக்' பகுதியில் 'ஸ்டார்ட்' என்ற இடத்தைப் பாருங்கள். 'வென் கிளிக்டு ஆன்' என்றிருந்தால், மவுஸ் அம்பை வீடியோவின் மேல் வைத்துச் சொடுக்கினால்தான் ஓடும். கையில் கிளிக்கரோடு நிற்பவர் பொத்தானை அழுத்துவார், வீடியோ ஓடாமல் அடுத்த ஸ்லைடு வந்துவிடும். பின்னால் போய் மறுபடி அழுத்தினாலும் அதேதான். 'இன் கிளிக் சீக்வென்ஸ்' என்று வைத்தால் கிளிக்கரிலேயே தொடங்கும். ஸ்லைடு வந்த நொடியில் ஓடும் 'ஆட்டோமேட்டிகலி'யை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கு முன்பே காட்சி பாதி முடிந்திருக்கும். ஓடும்போது நிறுத்திப் பேச விசைப்பலகையில் ஆல்ட்-உடன் பி அழுத்துங்கள். கிளிக்கரை அழுத்தினால் ஸ்லைடே தாண்டிவிடும்.

இனி, எவ்வளவு காட்டுவது? ஒரு தோட்டக்கலைப் பயிற்சியில் மா ஒட்டுக்கட்டுவதை விளக்குகிறீர்கள் என்று வையுங்கள். கையில் 5 நிமிட வீடியோ. அதில் வணக்கம், நாற்றங்கால் வாசல், பின்னணி இசை எல்லாம் இருக்கும். உங்களுக்கு வேண்டியது, வேர்ச்செடியின் தண்டை நெடுக்கப் பிளந்து, ஆப்புபோல் சீவிய ஒட்டுக்குச்சியைச் செருகி நாடா சுற்றும் அந்த 25 நொடிதான். வார்த்தையிலோ படத்திலோ சொல்ல முடியாத கை அசைவு அங்கே மட்டுமே இருக்கிறது. 'டிரிம் வீடியோ' திறந்து பச்சை, சிவப்பு முனைகளை நகர்த்தி அதை மட்டும் விடுங்கள். ஓடவிடும் முன், "இரண்டு பட்டையும் எங்கே சேர்கிறது, அதை மட்டும் கவனியுங்கள்" என்று சொல்லுங்கள். வீடியோவின் குரலும் உங்கள் குரலும் மோதினால் இரண்டுமே காதில் விழாது. நீங்கள் பேசப்போகிறீர்கள் என்றால் 'வால்யூம்' போய் 'மியூட்' செய்துவிடுங்கள்.

டிரிம் செய்த பகுதி கண்ணுக்கு மறையுமே தவிர ஃபைலுக்குள் அப்படியே இருக்கும். 'ஃபைல்', 'இன்ஃபோ' போய் 'கம்ப்ரஸ் மீடியா' கொடுத்த பிறகுதான் அது நீங்கும், ஃபைலும் இளைக்கும். வெட்டிய இடத்தில் நோயாளியின் முகமோ மாணவரின் பெயரோ இருந்தால், ஃபைலைப் பிறருக்குக் கொடுக்கும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அதற்கு முன் அசல் வீடியோவைத் தனியே பத்திரப்படுத்துங்கள். கம்ப்ரஸ் செய்து சேமித்தால் வெட்டியது திரும்பாது.

வீடியோவின் அளவை மூலையைப் பிடித்தே மாற்றுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் ஆட்கள் குட்டையாகிவிடுவார்கள்.

எச்டிஎம்ஐ கேபிள் செருகியதும் ஒலி புரொஜெக்டருக்குப் போய்விடுவது வழக்கம். அதில் ஸ்பீக்கர் இல்லாமலோ சன்னமாகவோ இருந்தால் அரங்குக்கு ஒன்றும் கேட்காது. விண்டோஸில் கீழ்ப்பட்டையின் ஸ்பீக்கர் குறியைத் தட்டி, அரங்கின் ஒலி எதில் இணைந்திருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஜூமில் திரையைப் பகிரும்போது 'ஷேர் சவுண்ட்' டிக் செய்யாவிட்டால், உங்களுக்குக் கேட்கும், எதிரில் இருப்பவர்களுக்குக் கேட்காது. யூடியூப் இணைப்பை ஸ்லைடில் வைப்பது அரங்கின் இணையத்தை நம்பியிருப்பது. விளம்பரமும் குறுக்கே வரலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஓடாமல் போகலாம். அதற்காக அந்த 25 நொடியிலிருந்து பிளவு, செருகல், கட்டு என மூன்று படங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீடியோவுக்கு அடுத்த ஸ்லைடில் வைத்து, 'ஹைட் ஸ்லைடு' கொடுத்து மறைத்துவிடுங்கள். வீடியோ ஓடினால் அந்த ஸ்லைடு வராது. ஓடாவிட்டால், அது எட்டாவது ஸ்லைடு என்றால் 8 தட்டி என்டர் கொடுங்கள். படங்கள் திரையில் வந்துவிடும், பேச்சைத் தொடரலாம்.