கள்ளச்சரக்கா, கடத்தல் பொருளா: எல்லையோரச் செய்தி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய பிழைகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருக்கும் கேரள லாட்டரிச் சீட்டு ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. 1967இல் தொடங்கி இன்றுவரை அதை நடத்துவது மாநில அரசே. அதே சீட்டுக்கட்டை ஒருவர் வேலந்தாவளம் எல்லைச் சாவடி தாண்டிக் கோவைப் பக்கம் கொண்டுபோய் விற்றால், 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடையுள்ள தமிழ்நாட்டில் அது வழக்காகிறது. இந்தச் செய்திக்கு ‘கள்ள லாட்டரி பிடிபட்டது’ என்று தலைப்பிட்டால், யாரோ திருட்டுத்தனமாக அச்சடித்த போலிச் சீட்டு என்றுதான் வாசகர் புரிந்துகொள்வார். சீட்டு அசல்தான், விற்ற இடம்தான் தவறு.

எல்லையோரச் செய்திகளுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலையில் நான் அதிகமாகத் திருத்துவது இந்த ஒரு குழப்பத்தைத்தான். கடத்தல் பொருள், கள்ளச்சரக்கு, திருட்டுப் பொருள், போலிப் பொருள், தடைசெய்யப்பட்ட பொருள், பதுக்கல் பொருள் ஆகியவற்றை அகராதி அடுத்தடுத்து வைத்திருக்கலாம்; அதற்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிட முடியாது. குற்றம் பொருளில் இருக்கிறதா, அதைச் செய்த விதத்திலா, கொண்டுபோன வழியிலா, வைத்திருப்பவரின் உரிமையிலா என்பதைச் சொல்லத்தான் இத்தனை சொற்கள் இருக்கின்றன.

‘கள்ள’ என்ற அடைமொழி எல்லா இடத்திலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கள்ளநோட்டு என்றால் நோட்டே போலி. கள்ளச்சாராயம் என்றால் சாராயம் உண்மையானதுதான், காய்ச்சியவருக்கு அனுமதி இல்லை. கள்ளச்சந்தையிலோ பெரும்பாலும் பொருள் அசல், விற்கும் விலையும் முறையும்தான் கள்ளம். ஆகவே கள்ளநோட்டையும் கறுப்புப் பணத்தையும் ஒன்றாக்கி எழுதுவது பெரிய பிழை. கறுப்புப் பணம் ரிசர்வ் வங்கி அச்சடித்த நல்ல நோட்டாகவே இருக்கலாம், கணக்கில் காட்டாததுதான் அதன் குறை. இன்னொரு சறுக்கல் எழுத்தளவில் நேர்வது: ‘கள்ளச்சாராயம்’ என்பதைக் ‘கள்ளுச்சாராயம்’ என்று எழுதுகிறார்கள். கேரளத்தில் சாராயத்துக்கு 1996 முதல் தடை உண்டு, கள்ளுக்கு இல்லை. பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளில் இறக்கும் கள் அனுமதிச் சீட்டுடன் மற்ற மாவட்டங்களுக்கு வண்டியில் போகிறது. ஓர் உகரத்தைக் கூடுதலாகப் போட்டு, ஒழுங்காகத் தொழில் செய்பவரைக் குற்றவாளிகளோடு சேர்த்துவிடக் கூடாது.

‘கடத்தல்’ என்ற சொல்லுக்குள் இயல்பில் குற்றம் எதுவும் இல்லை. கடக்கச் செய்வது கடத்துவது. மின்கடத்தியும் அப்படித்தான், வெட்டியாக நாளைக் கடத்துவதும் அப்படித்தான். எல்லையையோ சாவடியையோ சட்டத்துக்குப் புறம்பாகத் தாண்டச் செய்யும்போதுதான் அது குற்றப்பெயராகிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் விலையின்றி வழங்கப்படும் ரேஷன் அரிசியை வாங்கிச் சேர்த்துக் கேரளத்துக்குக் கொண்டுபோனால் அது கடத்தல் அரிசி. கள்ள அரிசி அன்று. கொண்டுபோகும் முன்பே ஏதோ ஓர் ஓட்டுவீட்டுக்குள் அடுக்கிவைத்திருந்த நிலையில் பிடிபட்டால் அது பதுக்கல். எல்லைக்கு இந்தப் பக்கமே வண்டி சிக்கினால் ‘கடத்த முயன்ற’ என்று எழுத வேண்டும். ‘கடத்திய’ என்று எழுதினால் வேலை முடிந்துவிட்டதாகப் பொருள். அரிசி வழக்கு 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் வருவது. விமான நிலையத்தில் தங்கம் பிடிபட்டால் 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். இரண்டையும் ‘கடத்தல்’ என்கிறோம், அதில் தவறில்லை, ஆனால் அரிசி வண்டியைச் ‘சுங்கத் துறையினர்’ மடக்கியதாக எழுதினால் செய்தியே மாறிவிடும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய பிழைகள் மலையாளத்திலிருந்து வருபவை. ஒலி ஒன்றாக இருக்கிறது என்று நம்பி அப்படியே எடுத்தால் மாட்டிக்கொள்வோம், நானும் மாட்டிக்கொண்டவன்தான். ‘மயக்குமருந்து’ என்று மலையாளத்தில் எழுதுவது போதைப்பொருளை. செய்தியாளர் அதை ‘மயக்க மருந்துடன் இருவர் கைது’ என்று எழுதி அனுப்ப, இரவு வேலை அசதியில் நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் தாளும் கையுமாக வாசலில் நின்று, “ஏனுங்கண்ணா, எந்த ஆபரேஷன் தியேட்டர்ல திருடுனாங்களாம்?” என்று கேட்டார். தமிழில் மயக்க மருந்து அறுவை சிகிச்சைக்கு முன் கொடுப்பது. கஞ்சாவுக்கும் மற்றவற்றுக்கும் போதைப்பொருள் என்ற சொல்தான் சரி.

‘குழல்பணம்’ இன்னொன்று. ஹவாலா பணத்துக்கு மலையாளத்தில் வழங்கும் பெயர் அது. பாலக்காட்டுத் தமிழர் பேச்சில் அது பழகிப்போயிருக்கலாம். திருச்சியில் படிப்பவருக்குக் குழலூதிச் சம்பாதித்த பணமோ என்று தோன்றும். எழுத்தில் ‘ஹவாலா பணம்’ போதும். இவற்றைவிட அபாயமானது ‘கடத்து’. மலையாளத்தில் அதற்கு ஆற்றைக் கடக்க ஆளேற்றும் படகுப் போக்குவரத்து என்ற பொருளும் உண்டு. ‘கடத்துவள்ளம்’ பள்ளிப் பிள்ளைகளும் ஏறிப்போகும் ஓடம். அந்த ஓடம் கவிழ்ந்த செய்தியைக் ‘கடத்தல் படகு கவிழ்ந்தது’ என்று தமிழாக்கினால், விபத்தில் சிக்கியவர்கள் மேல் பழியும் சேர்கிறது. குற்றத்தைச் சொல்ல மலையாளத்தில் பெரும்பாலும் ‘கள்ளக்கடத்து’ என்று அடைமொழி சேர்த்தோ, ‘ஸ்வர்ணக்கடத்து’ போலப் பொருளின் பெயரைச் சேர்த்தோ எழுதுவார்கள் என்பதை நினைவில் வைத்தால் இது நேராது.

ஆந்திர எல்லையிலும் இதே கதைதான். தெலுங்கில் ‘அக்ரம’ என்றால் சட்டவிரோதமான என்று பொருள். தமிழில் அக்கிரமம் என்பது அநியாயத்தைக் கண்டு வயிறெரிந்து சொல்லும் சொல். கடத்தலுக்கு அங்கே வழங்கும் தொடரை அப்படியே ‘அக்கிரமப் போக்குவரத்து’ என்று எழுதினால் பேருந்து நெரிசலைப் பற்றிய புலம்பல் போல இருக்கும். சேஷாசலக் காடுகளில் வெட்டப்படும் ‘எர்ர சந்தனம்’ தமிழில் செம்மரம், சந்தனமரம் அன்று. மணமே இல்லாத வேறொரு மரம் அது.

‘சரக்கு’ பற்றியும் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டியைச் சரக்கு மற்றும் சேவை வரி என்கிறோம், நாட்டுமருந்துக் கடையில் சுக்கும் சரக்கு, திப்பிலியும் சரக்கு. பேச்சிலோ அது மது. ஆதலால் ‘கள்ளச்சரக்கு’ என்பது கடத்தி வந்த எதையும் குறிக்கும் பழைய நல்ல சொல்லாக இருந்தாலும், இன்று தலைப்பில் அதைப் பார்ப்பவர் சாராயம் என்றே நினைப்பார். அரிசியோ தங்கமோ பிடிபட்டதென்றால் அந்தப் பொருளின் பெயரையே எழுதிவிடுவது நல்லது.

கடைசியாக, ‘பறிமுதல்’. சாவடியில் வண்டியை நிறுத்தி மூட்டையை இறக்கும் காவலர் செய்வது கைப்பற்றுதல். அதன்பின் உரியவர் ஆவணம் காட்டித் திரும்பப் பெறவும் வழியுண்டு. பறிமுதல் என்பது பொருள் அரசுக்கே சொந்தமாகிவிடும்படி பிறகு ஆணையிடுவது. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு உரியது. ‘வாளையாரில் ரேஷன் அரிசி பறிமுதல்’ என்று நள்ளிரவில் செய்தி வந்தால், கடைசிச் சொல்லை அடித்துவிட்டுச் ‘சிக்கியது’ என்று போடுகிறேன். ஒற்றைப் பத்தித் தலைப்பில் அதற்குக் கூடுதல் இடமும் தேவைப்படுவதில்லை.