மைக்ஸோகாக்கஸ் பாக்டீரியா ஒண்ணுக்கொண்ணு சிக்னல் குடுக்குறத பிளேட்ல பாக்குறது எப்படி

மண்ணுல வாழுற மைக்ஸோகாக்கஸ் ஸாந்தஸுக்கு சாப்பாடு தீர்ந்துச்சுன்னா சுமார் ஒரு லட்சம் செல் ஒரே இடத்துல கூடி குட்டியா ஒரு மேடு கட்டும், நெறய செல் வழியிலயே செத்துடும், மேட்டுக்குள்ள மிச்சம் இருக்குறது, பசியத் தாங்குற உருண்டை ஸ்போரா (உறங்கு செல்லா) மாறிடும். இதுல ரெண்டு சிக்னல் முக்கியம். பசி வந்ததும் வெளிய விடுற அமினோ ஆசிட், குட்டி பெப்டைட் கலவைதான் ஏ-சிக்னல், "போதுமான பேர் இருக்கோமா"ங்கிற கணக்கு அதுலதான் தெரியும். சி-சிக்னல் செல்லோட மேல்தோல்லயே ஒட்டியிருக்கிற புரோட்டீன், தொட்டாதான் போகும்.

இப்ப ஏ-சிக்னல் குடுக்கத் தெரியாத மியூட்டன்ட் (ஜீன்ல மாற்றம் வந்த வகை) ஒண்ணு, சி-சிக்னல் இல்லாதது ஒண்ணு, நார்மல் ஸ்ட்ரெயின் ஒண்ணு எடுத்துக்கோங்க. கேசிட்டோன் (பால் புரோட்டீன உடைச்சு எடுத்த சாப்பாடு) மீடியத்துல 32 டிகிரில வளத்து, சென்ட்ரிஃப்யூஜ்ல இறக்கி, ட்ரிஸ் பாஸ்பேட் மெக்னீசியம் பஃபர்ல நல்லா கழுவுங்க. தயவுசெஞ்சு இந்தக் கழுவுறதுல அவசரப்படாதீங்க, ஏன்னா கேசிட்டோன்ல இருக்கிறதும் அமினோ ஆசிட்தான், கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்தா அதுவே ஏ-சிக்னல் மாதிரி வேலை செய்யும், நெறய இருந்தா பசியே வராது, ரெண்டுலயும் ரிசல்ட் கெட்டுப்போயிடும்.

அப்புறம் மில்லிக்கு 500 கோடி செல் வர்ற மாதிரி கரைச்சு, அதே பஃபர்ல போட்ட அகார் மேல 20 மைக்ரோலிட்டர் சொட்டு வைங்க. மூணும் தனித்தனியா, ரெண்டு மியூட்டன்டையும் பாதிப்பாதி கலந்து ஒண்ணு. கலந்ததுலயும் மொத்த செல் எண்ணிக்கை அதேதான் இருக்கணும். சொட்டு காஞ்சதும் கவுத்து 32 டிகிரில வைங்க.

ஒரு நாள்ல நார்மல் ஸ்ட்ரெயின்ல மேடு தெரியும், மூணு நாள் விட்டா ஸ்போர் ரெடி. தனியா வச்ச மியூட்டன்ட் ரெண்டும் ஒழுங்கா கட்டாது, ஆனா கலந்த சொட்டுல மேடு வரும் பாருங்க, எத்தனை தடவ பாத்தாலும் எனக்கு சந்தோஷமா இருக்கும்! ஒண்ணுகிட்ட இல்லாதத இன்னொண்ணு குடுத்துடுது, ஜீன் எதுவும் மாறல. ஸ்டான்ஃபோர்டுல டேல் கைசர் குழு 1970கள்லயே இப்படிக் கலந்து பாத்துதான் மியூட்டன்ட்டுகள குரூப் குரூப்பா பிரிச்சாங்க.

மேட்ட மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. சுரண்டி எடுத்து 50 டிகிரில ரெண்டு மணி நேரம் வச்சு, சோனிகேட் பண்ணி (ஒலி அதிர்வு குடுத்து), ஸ்போர் ஆகாத செல்ல சாகடிச்சு, சாப்பாடு உள்ள பிளேட்ல போட்டு கொலனி எண்ணுங்க. ஒரு மியூட்டன்ட்ல மட்டும் கேனமைசின்ங்கிற ஆன்டிபயாட்டிக்குக்கு எதிர்ப்பு இருந்தா, அந்த மருந்து போட்ட பிளேட்லயும் எண்ணி எந்த ஸ்ட்ரெயினோட ஸ்போர்னு பிரிச்சுடலாம்.

சி-சிக்னலுக்கு தொடுதல் எவ்ளோ முக்கியம்னு பாக்கணும்னா நகரவே முடியாத மியூட்டன்ட் எடுங்க. அது சும்மா வச்சா ஸ்போர் ஆகாது. 1990ல கிம், கைசர் ரெண்டு பேரும் அகார் மேல நைஸ் உப்புத்தாள் மாதிரி ஒண்ணால மெல்லிசா கீறல் போட்டாங்க, செல் எல்லாம் அந்தப் பள்ளத்துல வரிசையா ஒட்டிப் படுத்துச்சு, நகராமலே ஸ்போர் ஆயிடுச்சு.