வீட்டில் சர்க்கிட் போட் அரிக்கலாம், மிஞ்சும் கரைசலை வளவில் ஊற்றாதீர்கள்

சின்ன சர்க்கிட் போட் ஒன்றை வீட்டிலேயே அரித்து எடுப்பது, அதாவது செப்பு ஒட்டிய பலகையில் வேண்டாத செப்பைக் கரைத்துச் சர்க்கிட் கோடுகளை மட்டும் விடுவது, பெரிய வேலை இல்லை. வேலை முடிந்த பிறகு பேசினில் மிஞ்சி நிற்கும் கறுத்த தண்ணீரை என்ன செய்வது என்பதுதான் யோசிக்க வேண்டியது. மட்டக்களப்பில் கல்லடி, ஆரையம்பதிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் முழுக்க மணல், மாரியில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அந்தக் கரைசலில் செப்பு கரைந்திருக்கிறது. மணலில் ஊற்றினால் அது நேரே கிணற்றுக்குத்தான் போகும், வாவிக்குப் போனால் மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. அதனால் தொடங்கும் முன்பே, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் கொள்கலன் ஒன்றில் பெயரெழுதி ஒட்டி எடுத்து வையுங்கள்.

எதில் அரிப்பது? பெரிக் குளோரைட் என்ற இரும்பு உப்பின் கரைசலில். ஐதரோகுளோரிக் அமிலத்தையும் ஐதரசன் பெரொட்சைட்டையும் கலந்து செய்கிறவர்களும் உண்டு, வேகமாக அரிக்கும், ஆனால் அமிலப் புகை மூக்கையும் கண்ணையும் எரிக்கும், பக்கத்தில் இருக்கும் இரும்புச் சாமான் எல்லாம் துருப்பிடிக்கும், மூடி வைத்தால் வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். வீட்டுக்கு அது வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போடுவதற்கென்று குளோரின் தூள் வாங்கி வைத்திருப்பீர்கள், அது இந்தக் கரைசல்களில் எதிலும் பட்டுவிடக் கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

சர்க்கிட்டின் படத்தைச் செப்பில் பதிக்கும் பகுதி சுலபம். செப்புப் பக்கத்தைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் பளபளக்கத் தேய்த்துக் கழுவி, பிறகு விரல் படாமல் பிடியுங்கள். வழுவழுப்பான தாளில் லேசர் பிரிண்டரால் கண்ணாடி விம்பமாக அச்செடுத்து, அயன்பொக்ஸால் அழுத்தி, ஆறியதும் தண்ணீரில் ஊறவிட்டுத் தாளை உரித்தால் மை செப்பில் ஒட்டியிருக்கும், மை மூடிய செப்பு கரையாது. விட்ட இடங்களை அழியாத மார்க்கரால் நிரப்புங்கள்.

இனிக் கரைசல். வெளியில், காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். ரப்பர் கையுறையும் பக்கமெல்லாம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். 250 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அளவு பெரிக் குளோரைட் தூள், தண்ணீருக்குள் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, சட்டென்று சூடேறித் தெறிக்கும். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். குசினி அலுமினியச் சட்டியைத் தொடவே வேண்டாம், கரைசல் அதைப் பொங்கித் தின்னும். நான் ஒருமுறை கொஞ்சம் சிந்திய இடத்தில், சீமெந்துத் தரையில் அந்த மஞ்சள் கறை இன்றும் இருக்கிறது. தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

கரைசல் பேசினை, சுடுதண்ணீர் உள்ள இன்னொரு பெரிய பேசினுக்குள் வைத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். 40, 45 பாகை போதும், அடுப்பில் வைக்காதீர்கள். போட்டைப் போட்டுவிட்டுப் பேசினை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருங்கள். செப்பு 35 மைக்ரோன் தடிப்புத்தான், முதலில் ஓரங்களில் கரைந்து உள்ளிருக்கும் வெளிர் மஞ்சள் பலகை தெரியும், பிறகு கோடுகளுக்கு நடுவில் தீவு தீவாக நிற்கும் செப்பும் மெல்ல மறையும். புதுக் கரைசலில் 10 முதல் 20 நிமிடம் பிடிக்கும். கடைசித் தீவு போனதும் எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் விட்டால் மைக்கு அடியில் புகுந்து மெல்லிய கோடுகளை அறுத்துவிடும். எடுப்பதற்குப் பிளாஸ்டிக் இடுக்கி. முதலில் கழுவிய தண்ணீரிலும் செப்பு இருக்கிறது, அதையும் கழிவோடு சேருங்கள்.

பாகங்களின் கால்கள் நுழையப் போட்டில் துளை போடும்போது முகக்கவசம் போடுங்கள், பறப்பது கண்ணாடி நார்த் தூசி.

கரைசலை ஒரு தடவையில் கழிக்க வேண்டியதில்லை, மூடி வைத்துப் பல போட்டுகளுக்குப் பாவிக்கலாம். அரிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தால் அது முடிந்துவிட்டது. அப்போது பெரிய வாளியில் ஊற்றி, சலவைச் சோடாவைக் கரண்டி கரண்டியாகப் போடுங்கள். நிறைய நுரைக்கும், அவசரப்பட்டால் வழியும். அப்பச்சோடாவும் சரிதான், ஆனால் கூடத் தேவைப்படும். நுரை நின்று, அமிலத்தன்மை பார்க்கும் பி.எச். தாள் 8 அளவு காட்டும் வரை போட்டு, ஒரு இரவு அசையாமல் விட்டால் செப்பும் இரும்பும் சேறாக அடியில் படியும். தெளிந்த தண்ணீரை வேறு பேசினுக்கு மெல்ல ஊற்றி, சேற்றைப் பழைய டப்பாவில் சீமெந்தோடு குழைத்து இறுக விடுங்கள். தெளிந்த தண்ணீரையும் நான் கிணற்றடியில் ஊற்றுவதில்லை. கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் அகலப் பேசினில் வற்ற வைத்து, மிஞ்சும் உப்பையும் அடுத்த சீமெந்துக் குழையலில் போட்டுவிடுவேன். வற்றும் வரை கோழியும் ஆடும் வாய் வைக்காமல் மேலே ஒரு கம்பி வலை போட்டு வையுங்கள்.