பழைய பெயர், புது வண்டி: எப்படிப் பார்ப்பது?

நின்றுபோன பழைய பைக் பெயர்கள் புது வண்டிகளில் திரும்பி வருகின்றன. அப்படி ஒன்றைப் பார்க்கும்போது, முதலில் பெட்ரோல் டேங்கில் இருக்கும் பெயரைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் தொடங்குவேன். மிச்சம் இருப்பது பழைய வண்டியை நினைவுபடுத்தினால் மேலே போகலாம்.

அடுத்தது சைலன்சர். பழைய ஜாவா 250, பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர்தான். ஆனாலும் அதிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்பி ஆளுக்கொரு பக்கம் போகும். 2018-இல் திரும்பி வந்த ஜாவா, 293 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், எஞ்சினைத் திரவத்தால் குளிர்விக்கும் ரேடியேட்டர் வைத்தது. இரட்டை சைலன்சரை மட்டும் விடவில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பழைய ஆயில் புகை வாசனையை எதிர்பார்க்காதீர்கள், வராது.

அப்புறம் குனிந்து எஞ்சினைப் பாருங்கள். புது ட்ரையம்ப் போன்வில்லில், பழைய வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்த கார்புரேட்டர் மாதிரித் தெரிவது உண்மையில் ஃப்யூவல் இன்ஜெக்ஷனின் த்ராட்டில் பாடி, அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம். வேஷம் போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் முறை நானே ஏமாந்து கார்புரேட்டரில் எஞ்சினின் ஐடில் வேகத்தைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தேன்! புது பிஎஸ்ஏ கோல்டு ஸ்டாரிலும் பழைய வண்டி மாதிரியே சிலிண்டரில் காற்றில் சூட்டை ஆற்றும் தகடுகள் உண்டு. முன்னால் எட்டிப் பார்த்தால் ரேடியேட்டரும் உண்டு.

கடைசியாக, பழைய வண்டி நின்றதற்கும் பெயர் திரும்பி வந்ததற்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கணக்குப் போடுங்கள். 1901-இல் தொடங்கிய ‘இந்தியன்’ என்ற அமெரிக்க பைக் கம்பெனி 1953-இல் உற்பத்தியை நிறுத்தியது. 2011-இல் அதைப் போலாரிஸ் என்ற அமெரிக்க வாகன கம்பெனி வாங்கியது. நடுவில் பெயர் பல கை மாறியது. ராயல் என்ஃபீல்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இங்கிலாந்தில் நின்ற பிறகும் அது சென்னையில் ஓடிக்கொண்டேதான் இருந்தது.