விஎம்முக்குச் சாதனம் கொடுக்கும்போது எந்த முகவரியைக் கொடுப்பது?

ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில், நெட்வொர்க் கார்டையோ யூஎஸ்பி சாதனத்தையோ ஒரு விஎம்முக்கு நேரடியாகக் கொடுப்பது நாலு கிளிக் வேலை. ஹோஸ்டில், அதாவது விஎம்கள் ஓடும் உண்மைக் கணினியில், புதிதாக எதையாவது செருகும்போதோ, கேபிளைக் கழற்றி வேறிடத்தில் மாட்டும்போதோதான் சிக்கல் தொடங்கும். நாம் கொடுக்கும் எண் சில நேரம் சாதனத்தைக் குறிக்கும், சில நேரம் அது இருக்கும் இடத்தை மட்டுமே குறிக்கும். எது எது என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

முதலில் பிசிஐ, அதாவது மதர்போர்டில் கார்டுகள் இணையும் வழி. ஷெல்லில், பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு எண்கள் கிடைக்கும். 03:00.0 என்பது இடம்: பஸ், டிவைஸ், ஃபங்ஷன் என்ற வரிசை. இதற்கு முன்னால் 0000 என்ற டொமைனும் உண்டு, வழக்கமாக அது காட்டப்படாது. சதுர அடைப்பில் வரும் 8086:1533 என்பது தயாரிப்பாளரும் மாடலும். இந்த எண் இன்டெல் ஐ210 கார்டுக்கு உரியது. இடத்தைச் சொல்லும் எண்கள் பதினறும முறையில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். 00:19.0 என்றால் டிவைஸ் எண் 25. விஎம்களை நிர்வகிக்கும் இன்னொரு மென்பொருளான லிப்வர்ட் சில இடங்களில் இதையே பதின்மமாக 25 என்று காட்டும். இரண்டையும் குழப்பினால் தவறான சாதனத்தைக் குறித்துவிடுவோம்.

நான்கு ஐ210 போர்ட் உள்ள பெட்டியில் மூன்றை ஃபயர்வால் விஎம்முக்குக் கொடுத்து, ஒன்றை ஹோஸ்டுக்கு வைத்துக்கொள்வது பரவலான அமைப்பு. இங்கே, விஎம்முக்குக் கொடுப்பதற்காகச் சாதனத்தை ஹோஸ்டிடமிருந்து ஒதுக்கிவைக்கும் விஎஃப்ஐஓ-பிசிஐ டிரைவருக்கு 8086:1533 என்று மாடல் எண்ணைக் கொடுத்தால் நான்கையும் அது பிடித்துக்கொள்ளும், ஹோஸ்டுக்கு நெட்வொர்க்கே இருக்காது. ஒரே மாடல் பல இருந்தால் இட முகவரியால்தான் பிரிக்க முடியும். எந்த முகவரி எந்த போர்ட் என்பதை ஊகிக்காமல், விஎம்முக்குக் கொடுப்பதற்கு முன்பே மேக் முகவரியோடு (ஒவ்வொரு நெட்வொர்க் போர்ட்டுக்கும் உரிய வன்பொருள் எண்) பொருத்திக் குறித்துவையுங்கள். கொடுத்தபின் ஹோஸ்டில் அந்த போர்ட் தெரியாது.

ஆனால் இட முகவரி நிலையானதல்ல. ஒரு என்விஎம்இ டிஸ்க்கைச் சேர்த்தால் அதற்கு 03 கிடைத்து, பழைய கார்டு 04க்குத் தள்ளப்படலாம். விஎம் அமைப்பில் இன்னும் 03:00.0 என்றே இருக்கும். விஎம் எழும்போது ஹோஸ்டின் கையிலிருந்து அந்த டிஸ்க்கைப் பிடுங்கிக்கொள்ளும். ஹோஸ்ட் பூட் ஆனதே அதிலிருந்துதான் என்றால் எல்லாம் உறைந்துவிடும். கூடவே என்பி3எஸ்0 என்ற இடைமுகப் பெயர் என்பி4எஸ்0 என்று மாறினால் பிராக்ஸ்மாக்ஸை நிர்வகிக்கும் வலைப்பக்கமும் திறக்காது. ஆகவே வன்பொருளைத் தொடுமுன் அந்த விஎம்மின் "ஸ்டார்ட் அட் பூட்" தேர்வை எடுத்துவிடுங்கள். மறந்து மாட்டிக்கொண்டால் பயாஸில் விடி-டி வசதியை (சாதனத்தை நேரடியாக விஎம்முக்குக் கொடுக்க உதவும் இன்டெல் வசதி) அணைத்து ஹோஸ்டை ஏற்றுங்கள். விஎம் துவங்காது, ஹோஸ்ட் பிழைக்கும்.

பிராக்ஸ்மாக்ஸ் 8 முதல் இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. டேட்டாசென்டர் பகுதியில் ரிசோர்ஸ் மேப்பிங்ஸ் போய், சாதனத்துக்கு ஒரு பெயர் வையுங்கள். பிறகு விஎம்மின் ஹார்ட்வேர் பக்கத்தில் "ரா டிவைஸ்" என்பதை விட்டுவிட்டு "மேப்ட் டிவைஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேப்பிங்கில் இடத்தோடு மாடல் எண்ணும் பதிவாகும். இடம் மாறி வேறு சாதனம் அங்கே வந்திருந்தால் விஎம் பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழை வருவதே நல்லது.

சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஐஓஎம்எம்யூ குரூப் எண்ணையும் பாருங்கள். வன்பொருளால் ஒன்றிலிருந்து ஒன்றைத் தனிமைப்படுத்த முடியாத சாதனங்களின் தொகுதி அது. ஒரே குரூப்பில் உள்ளவற்றைப் பிரித்துக் கொடுக்க முடியாது. ஹோஸ்டுக்கு வேண்டிய சாட்டா கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை இணைக்கும் சாதனம்) அதே குரூப்பில் இருந்தால் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. கிராஃபிக்ஸ் கார்டானால் .0 படம், .1 ஒலி; "ஆல் ஃபங்ஷன்ஸ்" தேர்ந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

யூஎஸ்பியில் கணக்கு வேறு. யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் "டிவைஸ் 007" போன்ற எண்ணை நம்பவே கூடாது, கழற்றிச் செருகினாலே மாறும். ஒரே ஒரு சாதனம், எந்த போர்ட்டிலும் செருகலாம் என்றால் மாடல் எண்ணைக் கொடுங்கள். 0403:6001 என்ற எஃப்டிடிஐ சீரியல் அடாப்டர் இரண்டு இருந்தால் போர்ட் பாதை: 1-4.2 என்பது பஸ் 1, போர்ட் 4, அதில் மாட்டிய ஹப்பின் 2ஆம் துளை. கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் சாதனமான கோரல் முடுக்கி போல, வேலை தொடங்கியதும் தன் மாடல் எண்ணையே மாற்றிக்கொள்ளும் சாதனங்களுக்கும் போர்ட் பாதைதான் சரி. யூஎஸ்பி 3 துளை ஒன்றுக்கு இரண்டு பஸ் எண்கள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய யூஎஸ்பி 2 பென்டிரைவை எடுத்துவிட்டு அதே துளையில் யூஎஸ்பி 3 செருகினால் பாதை மாறிவிடும்.

முழு டிஸ்க்கைக் கொடுப்பதானால் லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களைத் தொடாதீர்கள், அவை ஒவ்வொரு முறை ஹோஸ்ட் பூட் ஆகும்போதும் இடம் மாறலாம். டிஸ்க் அடைவின் பை-ஐடி உள்ளடைவில் மாடலும் வரிசை எண்ணும் சேர்ந்த பெயர் இருக்கும். டிஸ்க் மேல் ஒட்டிய லேபிளோடு ஒப்பிட்டுவிட்டு, "பார்ட்1" என்று முடியாத பெயரைக் கொடுங்கள். அப்படி முடிவது பார்ட்டிஷன்.